மச்சானும் நானும் ஒரு கண்மாய்க் கரையும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடக்கும். இருபது வருஷமாக அதே சண்டைதான். வசனம்கூட மாறாது.

"ஏங்க, கடைக்குப் போனா கட்லா கிலோ இருநூறு ரூபா. அரை மணி நேரத்துல வாங்கிட்டு வந்து குழம்பு வெச்சுரலாம். பெட்ரோலு, கண்மாய்க்காரருக்கு அம்பது ரூபா, டீ, வடைன்னு அதுக்கு மேல செலவு பண்ணிட்டு, சாயங்காலம் நாலு ஜிலேபியைக் கொண்டாந்து கழுவுங்கிறீங்க. இது என்னங்க கணக்கு?"

அவள் கணக்கில் தப்பே கிடையாது. நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்ப்பவன். எண்ணி எண்ணி அடுக்குவதுதான் என் பிழைப்பு. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனாலும் பதில் பேசாமல், மூங்கில் கம்புகளை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். தெருமுனையில் அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், கையில் வாளியோடு நிற்பார்.

"என்ன மாப்ள, இன்னைக்கும் பூசை உண்டா?" என்பார்.

"உண்டு மச்சான். தங்கச்சியை நல்லா வளர்த்திருக்கீங்க" என்பேன்.

சிரித்துக்கொண்டே பின்னால் ஏறிக்கொள்வார். அந்த வாரத்தின் முதல் சிரிப்பு எங்கள் இரண்டு பேருக்கும் அதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர் அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை, சாத்தூர் என்றால் உங்களுக்குப் பட்டாசும் கரிசல் காடும் நினைவுக்கு வரும். மீன் வராது. வைப்பாற்றில் தண்ணீரைப் பார்ப்பதைவிட மணலைப் பார்க்கும் நாள்தான் அதிகம். ஆனால் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல பெயர்கள் 'குளம்' என்றே முடியும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைக்க நம் முன்னோர் வெட்டிய கண்மாய்கள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. நல்ல மழை பெய்து மறுகால் பாய்ந்துவிட்டால், நான்கைந்து மாதத்துக்கு அந்தக் கண்மாய்க் கரைதான் எங்களுக்கு ஊட்டி, கொடைக்கானல் எல்லாம்.

கண்மாயில் தண்ணீர் ஏறியதும் மீன் பாசி ஏலம் நடக்கும். ஏலம் எடுத்தவர் மீன் குஞ்சு வாங்கி விடுவார். கோடையில் தண்ணீர் வற்றும்போது வலை போட்டு அள்ளுவார். நடுவில் எங்களைப்போல் தூண்டிலும் கையுமாக வருகிறவர்களிடம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, "வலை மட்டும் போடக் கூடாதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். மதுரை, சிவகங்கை பக்கம் ஊரே ஒன்றாக இறங்கி ஊத்தா, கச்சாவோடு மீனை அள்ளும் மீன்பிடித் திருவிழாக்களை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் செய்வது அதற்கு நேர் எதிர். சத்தமே கூடாது. காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சும்மா உட்காருவது என்று நினைத்துவிடாதீர்கள். மச்சான் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே மீனின் வாயைப் பார்ப்பதுதான். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். அது மேல் தண்ணீரில் மேயும். ரோகு நடுத் தண்ணீரில் மேயும். மிர்காலின் வாய் கீழே பார்த்திருக்கும். அது அடிச் சேற்றைக் கிளறித் தின்னும். மூன்றையும் ஒரே கண்மாயில் விட்டால் ஒன்றோடொன்று இரைக்குச் சண்டை போடாது. ஆகவே எந்த மீன் வேண்டுமோ, அந்த ஆழத்துக்குத் தக்கையை ஏற்றி இறக்கிக் கட்ட வேண்டும். எங்கள் தக்கை மயிலிறகுத் தண்டு. மீன் மூச்சுவிட்டால்கூட ஆடும்.

இந்த மூன்றும் நம்ம ஊர் மீன் இல்லை என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. வடக்கே கங்கை பக்கத்து ஆறுகளைச் சேர்ந்தவை. ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும். கட்டிக்கிடக்கும் குளத்தில் எத்தனை வருஷம் இருந்தாலும் குஞ்சு பொரிக்காது. 1957-ல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு, இந்த வகை மீனைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த ஜூலை 10-ம் தேதியைத்தான் இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன்பெல்லாம் ஆற்று வெள்ளத்தில் குஞ்சு அரித்து எடுத்தார்கள். ஜிலேபி இன்னும் தூரத்து விருந்தாளி. ஆப்பிரிக்க மீனான அதை 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஊசியும் வேண்டாம், ஏலமும் வேண்டாம். குஞ்சுகளை வாய்க்குள் வைத்தே காப்பாற்றிப் பெருகிவிடும்.

நம்ம ஊர் மீன் என்றால் விராலும் கெளுத்தியும் குறவையும்தான். மழைக்காலத்தில் கரையோரம் செம்மஞ்சள் நிறத்தில் பொடிக் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு மேலே வந்து போகும். அதற்கு அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும். பிடிப்பது ரொம்ப சுலபம். மச்சான் மட்டும் விடமாட்டார்.

"குஞ்சோட நிக்கிறதைத் தொடக் கூடாது மாப்ள. அது பசிக்குக் கடிக்கல. பயத்துல கடிக்குது."

ஒருமுறை என் மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். இங்கிலாந்தில் இதே பொழுதுபோக்கை 'கோர்ஸ் ஃபிஷிங்' என்கிறார்கள். ஏரியில் கெண்டை வகை மீன்களை விட்டு வளர்த்து, ஒரு நாள் டிக்கெட் போட்டு ஆட்களை அனுமதிக்கிறார்கள். குடை, நாற்காலி, நாலு கம்பு என்று ஒருவர் கல்யாண வீடுபோல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலையில் ஒரு பெரிய மீன் சிக்கியது. அதை ஈரம் செய்த மெத்தையில் கிடத்தி, முள்ளைக் கழற்றி, எடை பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

மச்சானிடம் அதைக் காட்டினேன். "ஏன் மாப்ள, அப்போ குழம்புக்கு என்ன செய்வான்?" என்று கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். "அவன் மீனுக்கு வரல. உக்கார வந்திருக்கான்" என்றார்.

மச்சானும் உட்காரத்தான் வந்தார். அது எனக்கு அப்போது புரியவில்லை.

அவர் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். இருபத்தைந்து வருஷ அனுபவம். வெயில் ஏறுவதற்கு முன்பே கலவையை முடித்துவிட வேண்டும். உரசக் கூடாது, இழுக்கக் கூடாது, இரும்புச் சாமான் ஆகாது, செல்போன் ஆகாது. ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று கணக்கு உண்டு. கரையில் கூட்டம் சேர்ந்தால் அதையே வேடிக்கையாகச் சொல்வார்: "ஒரு மடைக்கு நாலு பேர்தான் மாப்ள. மீறினா லைசென்ஸ் போயிரும்!" அவர் கையில் அவசரம் என்பதே இருக்காது. தூண்டில் இரைக்கு மாவு பிசைவதைப் பார்த்தால் பூசைக்குப் பிரசாதம் செய்வதுபோல் இருக்கும். ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் மைதா. ஓரத்திலிருந்து மெதுவாகச் சேர்த்து, துளித்துளியாகத் தண்ணீர் தெளித்து, உருண்டை பிடித்து நுகர்ந்து பார்ப்பார்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. முந்தின நாள்தான் தை அமாவாசை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய சத்தம் கேட்டால் யாரும் "என்ன சத்தம்?" என்று கேட்பதில்லை. வெளியே வந்து வானத்தைப் பார்ப்போம். புகை எந்தத் திசையில் எழுகிறது, அந்தத் திசையில் நம் வீட்டு ஆள் யார் வேலைக்குப் போயிருக்கிறார் என்று மனசு கணக்குப் போடும். அன்றைக்குப் புகை எழுந்தது அச்சங்குளத்தில். ஒரு பட்டாசு ஆலையில் நடந்த அந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

மச்சான் வேலை பார்த்தது வேறு ஆலையில். புகையைப் பார்த்ததும் மற்றவர்களோடு அவரும் உதவிக்கு ஓடியிருக்கிறார். வீடு திரும்பும்போது இரவு பத்து மணி. உடம்பில் சட்டை இல்லை. யாருக்கோ போர்த்திவிட்டாராம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். மேற்கொண்டு அவர் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் வேலைக்குப் போனார். எட்டாம் நாள் பாதி வழியில் திரும்பிவிட்டார். நான்கு ஆட்டுக்குட்டிகளை வாங்கி மேய்க்க ஆரம்பித்தார். அடுப்பில் எதையாவது பொரிக்கும் வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார் என்று மதினி என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறது. அந்த வீட்டில் மீனும் கறியும் நின்றுபோனது. வாளியும் கம்பும் தொழுவத்து மூலைக்குப் போய்விட்டன.

நான் ஒரு தப்புச் செய்தேன். பேசினால் மனசு லேசாகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு நாள் டீக்கடை பெஞ்சில் நேருக்கு நேராக உட்கார்ந்து, "அன்னைக்கு என்னதான் பார்த்தீங்க மச்சான்? மனசுல வெச்சுக்காம சொல்லிருங்க" என்று கேட்டுவிட்டேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார். இருபது வருஷம் கூடவே உட்கார்ந்த மனிதர்.

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. தனியாகக் கண்மாய்க்குப் போக எனக்கு மனசு வரவில்லை. நாலரைக்கு விழிப்பு வரும். மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பக்கத்தில் அவளும் விழித்துத்தான் இருப்பாள்.

தீபாவளி முடிந்ததும் நல்ல மழை. கண்மாய் நிறைந்து மறுகால் போனது. அந்த நேரம் அச்சகத்தில் காலண்டர் வேலை கழுத்தைப் பிடிக்கும். மார்கழி, தை எப்படிப் போனதென்றே தெரியவில்லை. 2022 பிப்ரவரி 12, சனிக்கிழமை, சம்பவம் நடந்து ஒரு வருஷம் முடிந்தது. அன்று இரவு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் ஞாயிறு, விடியற்காலை நாலரைக்கு அவள் என்னைத் தட்டி எழுப்பினாள். மூங்கில் கம்பைத் துடைத்து வாசலில் சாத்தி வைத்திருந்தாள்.

"எந்திரிங்க. எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க."

"வரமாட்டாரும்மா."

"எதுவும் கேக்காதீங்க. சும்மா கூட்டிட்டுப் போங்க."

போய்க் கதவைத் தட்டினேன். "மச்சான், கண்மாய் நெறைஞ்சு கிடக்கு" என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறினார். கம்பை எடுக்கவில்லை. இரண்டு கம்பும் என்னிடம் இருந்தன.

வழக்கமான மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மேற்கே சீமைக்கருவேல மரங்கள் இடுப்புவரை தண்ணீரில் நின்றன. நீர்க்காகம் ஒன்று முங்கி முங்கி எழுந்தது. நான் பேசினில் மாவைக் கொட்டிப் பிசைய ஆரம்பித்தேன். இருபது வருஷத்தில் அந்த வேலையை நான் செய்ததே இல்லை. தண்ணீரை மடமடவென்று ஊற்றிவிட்டேன். மாவு கூழாகிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் கொஞ்சம் தவிட்டைப் போட்டேன். அது கட்டி கட்டியானது.

"தண்ணி ஜாஸ்தியாயிருச்சு" என்றார்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்படிக் குடுங்க மாப்ள."

பேசின் கைமாறியது. அவர் விரல்கள் மாவில் இறங்கத் தயங்கியதைப் பார்த்தேன். ஓரமாக ஒரு விரலை வைத்தார். பிறகு இன்னொன்று. கொஞ்சங் கொஞ்சமாகத் தவிடு தூவி, மெதுவாக, உரசாமல், பழைய மாதிரியே பிசைந்தார். உருண்டை பிடித்து நுகர்ந்து பார்த்தார். முள்ளில் கட்டும்போது விரல் நடுங்கியது. தங்கூசி மூன்று தடவை நழுவியது. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தக்கையும் தண்ணீரில் நின்றன. ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது மணி. ஜிலேபிகள் இரையைக் கொறித்துக்கொண்டு போயின. நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு எதிரெதிரே உட்கார்ந்து மனசு விட்டுப் பேச வராது. பக்கத்தில் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து உட்கார வரும். அதற்கு ஒரு சாக்கு வேண்டும். எங்களுக்குத் தக்கைதான் அந்தச் சாக்கு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பத்தரை இருக்கும். கிழக்கே டமாரென்று ஒரு சத்தம்.

மச்சான் எழுந்து நின்றுவிட்டார். நானும் எழுந்தேன். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தோம். அவர் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. நகம் பதியும் பிடி. மறுபடியும் ஒரு சத்தம். மறுபடியும் ஒன்று. சரியான இடைவெளி விட்டு விட்டு வந்தது. வானத்தில் புகை இல்லை. தூரத்தில் மேளச் சத்தம் மெல்லக் கேட்டது.

"கோயில் வேட்டு மாப்ள" என்றார். "இன்னைக்கு மாசி பொறந்திருக்கு."

பிடியை விட்டார். உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். தக்கை அசையாமல் நின்றது.

"ஒருத்தருக்குத் தண்ணி குடுத்தேன் மாப்ள" என்றார். தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னார். "குடிச்சாரு."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். டீக்கடையில் கேட்ட கேள்விகள் எல்லாம் தொண்டைவரை வந்தன. கேட்கவில்லை. அவரும் மேலே சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

பன்னிரண்டு மணிக்கு, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவர் தக்கை சாய்ந்தது. ஆடாமல், கொறிக்காமல், படுத்து ஒரேயடியாக உள்ளே போனது. அது ஜிலேபி இல்லை. மச்சான் கம்பைத் தூக்கிய வேகத்தில் மூங்கில் வில்லாக வளைந்தது. எங்கள் கம்பில் சக்கரம் கிடையாது. தங்கூசியை விட்டுக்கொடுக்க முடியாது. மீன் போகிற பக்கம் நாமும் கரையோடு நடக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நடக்க, நான் வாளியோடு பின்னால் ஓடினேன். "இழுக்காதீங்க மச்சான், இழுக்காதீங்க" என்று நான் கத்த, "எனக்கா சொல்றீங்க?" என்று அவர் அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ரோகு. ஒன்றரைக் கிலோ இருக்கும். அந்த வருஷம் விட்ட குஞ்சு மூன்று மாதத்தில் இவ்வளவு வளராது.

"போன வருஷத்து மீனு" என்றார் மச்சான். செவுளைப் பிடித்துத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலைக்குத் தப்பினது."

எனக்கு அந்த இங்கிலாந்துக்காரர் நினைவுக்கு வந்தார். விட்டுவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வாளியில் போட்டு ஈரத் துண்டால் மூடினார்.

"மதினிக்காரி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கா, உங்க மனைவிகிட்ட" என்றார். மதினி என்ன கேட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அன்றைக்கு நன்றாகப் பழகிவிட்டது.

இருட்டும்வரை இருந்தோம். எனக்கு ஐந்து ஜிலேபி, ஒரு கெளுத்தி. கண்மாய்க்காரர் மச்சானைப் பார்த்துவிட்டு அன்று காசு வாங்க மறுத்தார். மச்சான் விடவில்லை. ஐம்பது ரூபாயை அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டு, "அடுத்த வாரமும் வருவோம்ல" என்றார்.

இரவு எட்டரைக்கு என் மனைவி மதினிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவள் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு துண்டு சாப்பிட்டுச்சாம் அண்ணன்" என்றாள். "குழம்புதான். பொரிக்கலையாம்."

அடுத்த ஞாயிறு நாலரை மணி. நான் கம்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, கடைக்குப் போனா கட்லா கிலோ இருநூறு ரூபா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

முழுவதையும் நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.